தாய் தந்தை மறைந்த பின்: வன்னியில் காணியும் சொத்தும் பெயர் மாற்றுவதற்கான வழிகாட்டி

அந்தியேட்டி முடிந்த கையோடு பிள்ளைகள் கூடியிருந்து பேசுவது பெரும்பாலும் காணியைப் பங்கிடுவது பற்றியே. ஆனால் இறந்தவர் எந்த வகைக் கடதாசியின் பேரில் அந்தக் காணியை வைத்திருந்தார் என்பது தெரியாமல் அந்தப் பேச்சைத் தொடங்குவதில் பயனில்லை. இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகிய குளங்களின் கீழ்க் குடியேறிய குடும்பங்களில் மிகப் பல, அரச காணியை அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ வைத்திருப்பவை. அதே குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவின் பழைய ஊர்களிலோ உறுதிக் காணியும் இருக்கக்கூடும். இவ்விரண்டும் வெவ்வேறு சட்டங்களின்படி, வெவ்வேறு அலுவலகங்கள் ஊடாகக் கைமாறுகின்றன. வன்னியில் இந்த அலுவல்கள் இழுபடுவதற்கு அதிகாரிகளின் தாமதம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. எனினும் கடதாசியின் வகையை அறியாமல் பொருந்தாத மேசையில் காத்திருப்பதும் அதற்குக் குறையாத காரணம் என்பதே என் கருத்து.

ஆகவே இடப்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பி வந்த அந்தப் பையையோ பெட்டியையோ திறந்து, கடதாசிகளை வகைப்படுத்துங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம், அதாவது ஊரில் பெர்மிற் என்று சொல்லப்படுவது, ஒரு வகை. சுவர்ணபூமி, ஜயபூமி, ரன்பூமி என்ற பெயர்களில் சனாதிபதியின் கையொப்பத்துடன் கிடைத்த அளிப்புப் பத்திரம் இன்னொரு வகை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வருடாந்த அனுமதிப்பத்திரமும் நீண்டகாலக் குத்தகையும் அரச காணிகள் கட்டளைச் சட்டத்துக்கு உரியவை. வருடாந்த அனுமதிப்பத்திரம் அதைப் பெற்றவரோடு முடிந்துவிடுவதால் பிள்ளைகள் புதிதாக விண்ணப்பிக்கவேண்டி இருக்கும். நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதி தனியார் காணிக்கு உரியது. விடுதலைப் புலிகளின் நிர்வாகக் காலத்தில் கொடுக்கப்பட்ட காணிப் பத்திரங்களுக்கு இன்று சட்டப் பெறுமதி கிடையாது. ஆனாலும் அவற்றை எறிந்துவிடாதீர்கள். குடும்பம் எந்த ஆண்டு முதல் அந்தக் காணியில் இருக்கிறது என்று காணிக் கச்சேரியில், அதாவது அரச காணி வழங்குவதற்கான விசாரணையில், விளக்கும்போது, பழைய மின்பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு ஆகியவற்றோடு சேர்த்துக் காட்ட அது உதவலாம்.

மரணத்தைப் பதிதல்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது மரணச் சான்றிதழ். மரணம் நிகழ்ந்த இடத்தின் பதிவாளரே அதைப் பதிவார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முல்லைத்தீவில் வாழ்ந்தவர் மேலதிக சிகிச்சைக்காக அனுப்பப்பட்டு வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உயிரிழந்தால், அந்த வைத்தியசாலை அமைந்துள்ள பிரிவிலேயே பதிவு நடக்கும். வீட்டில் இயற்கையாக நேர்ந்த மரணத்தைக் கிராம அலுவலருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையோடு பதிவாளரிடம் போகவேண்டும். பாம்புக் கடி, யானை தாக்குதல், வீதி விபத்து, வெடிபொருள் போன்றவற்றால் நேர்ந்த மரணத்தில் திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை இல்லாமல் எதுவும் நகராது. யானையால் இறந்தவருக்காக வனசீவராசிகள் திணைக்களத்திடம் நட்டஈடு கேட்கும் குடும்பத்துக்கு அந்த அறிக்கையின் பிரதி மீண்டும் தேவைப்படும். மரணத்தை 3 மாதங்களுக்குள் பதிந்துவிடுங்கள். கடந்துவிட்டால் காலங்கடந்த பதிவு என்ற வேறு நடைமுறைக்குள் போகவேண்டி வரும்.

பதிவாளர் எழுதி முடித்ததும், கையொப்பமிடுவதற்கு முன் இறந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தந்தையின் பெயர், பிறந்த இடம் ஆகியவற்றை எழுத்துக்கூட்டி வாசித்துப் பாருங்கள். துயரத்தில் இருப்பவரிடம் இதை எதிர்பார்ப்பது கடினம். ஆகையால் குடும்பத்துக்கு நெருங்கிய, நிதானமான ஒருவரைக் கூட அழைத்துச் செல்வது நல்லது. பின்னர் பிழை திருத்த வழி உண்டு என்றாலும், அதற்குப் பிரகடனமும் சாட்சியங்களும் மாவட்டப் பதிவாளரின் அனுமதியும் தேவைப்படும். சான்றிதழின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதிகளை முதல் தடவையிலேயே கூடுதலாக எடுத்துவிடுங்கள், ஏனெனில் வங்கியும் நீதிமன்றமும் போட்டோப்பிரதியோடு திருப்தி அடைவதில்லை. படிவம் எதுவும் கேளாமல் உடனே காசு கொடுப்பது ஊரிலுள்ள மரணாதாரச் சங்கம் ஒன்றுதான்; மற்ற எல்லா இடத்திலும் கடதாசியே பேசும்.

உடல் கிடைக்காத மரணமும் காணாமற்போனவரும்

வன்னியில் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு இவ்விடயத்தை எழுத முடியாது. 2009ஆம் ஆண்டின் இறுதிப் போரில் இறந்தவர்களில் பலருக்கு வைத்தியரின் அறிக்கையோ விசாரணை அறிக்கையோ இல்லை. அத்தகைய மரணங்களுக்காக 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, மரணங்களைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒரு வருடத்துக்கு மேலாகக் காணாமற்போய், இறந்திருப்பார் என்று நம்பக் காரணமுள்ள ஒருவரின் மரணத்தை நெருங்கிய உறவினரின் சத்தியக்கடதாசியின் பேரில் பதிவதற்கு அது இடமளித்தது. ஆனால் கைதுசெய்யப்பட்டவரை, கையளிக்கப்பட்டவரை, எங்கோ இருப்பார் என்று தேடிக்கொண்டிருப்பவரை இறந்தவராக எழுதிக் கொடுக்கக் குடும்பங்கள் மறுத்தன. அந்த மறுப்பு நியாயமானது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைக்கான சான்றிதழைப் பெறும் வழியை ஏற்படுத்தியது.

இவ்விரண்டில் எதைப் பெறுவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கவேண்டும். எந்த உத்தியோகத்தரும் அதற்கு நெருக்குதல் கொடுக்கக்கூடாது. ஆனால் அந்தத் தீர்மானத்தின் விளைவுகள் தெரிந்திருக்க வேண்டும். காணப்படாமைக்கான சான்றிதழைக் கொண்டு உதவிக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம்; காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். அச்சொத்து முதுசமாகப் பிள்ளைகளின் பெயருக்கு மாறுவது மரணத்தைச் சார்ந்தே நிற்பதால், அந்த மாற்றம் இச்சான்றிதழின் பேரில் நடைபெறாது. தந்தையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம், காணியின் ஆட்சியைத் தாயின் கையில் வைத்துக்கொண்டு, பிரதேச செயலகத்தின் காணிக் கோவையில் அந்நிலைமையை எழுத்தில் பதியச் செய்வதே இப்போதைக்குப் பாதுகாப்பானது. சான்றிதழ் எடுப்பதால் தேடுதல் முடிந்துவிடும் என்று எவராவது சொன்னால், காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்டுத் தெளியுங்கள்.

பெயர் பொருந்தாமை

தகப்பனாரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பெர்மிற்றில் வீட்டுப் பெயர் என்பது இங்கே சர்வசாதாரணம். தமிழில் இருந்த பெயரைச் சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றி எழுதியவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். முதலெழுத்து மட்டும் மாறியிருந்தால், அந்தப் பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கப்பட்ட சத்தியக்கடதாசியும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பெரும்பாலும் போதுமானவை. முழுப்பெயரே வேறாக இருந்தால் பிறப்புப் பதிவைத் திருத்துவதா, நீதிமன்றக் கட்டளை பெறுவதா என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டே முடிவுசெய்யவேண்டும். எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே வாசகமுள்ள சத்தியக்கடதாசியையே கொடுங்கள். ஆளுக்கொரு விதமாக எழுதிக் கொடுத்த சத்தியக்கடதாசிகளே பிறகு ஒன்றுக்கொன்று எதிர்ச்சாட்சியாகிவிடும்.

பெற்றோரின் விவாகம் பதியப்படாமலிருப்பதும் புலிகளின் நிர்வாகத்தில் மட்டும் பதியப்பட்டிருப்பதும் இன்னொரு சிக்கல். தாயின் உரிமையை நிலைநாட்ட, கோயில் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர், வாக்காளர் இடாப்பில் இருவரும் ஒரே வீட்டில் பதியப்பட்டிருந்தமை ஆகியவற்றைத் திரட்டுங்கள். போரில் சான்றிதழ்கள் அழிந்தவர்கள் மனம் தளரத் தேவையில்லை. பிறப்பு, விவாக, இறப்புப் பதிவேடுகளுக்கு இரட்டைப் பிரதி உண்டு. மாவட்ட அலுவலகத்தில் இல்லாதது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் களரியில் இருக்கக்கூடும்.

பெர்மிற் காணியும் அளிப்புக் காணியும்

வன்னியின் பெரும்பாலான குடும்பப் பிணக்குகள் இங்கேதான் தொடங்குகின்றன. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணி, உறுதிக் காணியைப் போல எல்லாப் பிள்ளைகளுக்கும் தானாகப் பிரிந்து போவதில்லை. அது ஒருவருக்கே போகும். நான்கு பிள்ளைகளும் தந்தையோடு சேர்ந்து காடு வெட்டியிருந்தாலும், அவர்களில் ஒருவரின் பெயரே பதியப்படும். இது நியாயமா என்று கேட்டால், காணி துண்டு துண்டாகிவிடக்கூடாது என்ற நோக்கத்தில் எழுதப்பட்ட சட்டம், பிள்ளைகளுக்கு இடையில் உள்ள நியாயத்தைப் பெரிதாக எண்ணவில்லை என்பதே என் பதில்.

இறந்தவரின் துணைவர் உயிருடன் இருந்தால், பின்னுரித்தாளராக, அதாவது காணிக்கு அடுத்த உரித்தாளராக, வேறொருவர் நியமிக்கப்பட்டிருந்தாலும், காணியை ஆளும் உரிமை முதலில் அந்தத் துணைவருக்கே உரியது. தந்தை இறந்த வீட்டில் தாய் இருக்கும்போது மூத்த மகன் தன் பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்பதற்கு இடமில்லை. அதேவேளை தாய் அக்காணியைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆளலாமே தவிர, விற்கவோ தாம் விரும்பும் வேறொருவரைப் பின்னுரித்தாளராக்கவோ முடியாது. மறுமணம் செய்தால் அந்த உரிமை அற்றுப்போகும். அவருக்குப் பின், இறந்தவர் நியமித்திருந்த பின்னுரித்தாளருக்குக் காணி போகும். அந்த நியமனம், நியமித்தவர் உயிருடன் இருந்தபோதே காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பெர்மிற்றின் பின்பக்கத்தில் பெயர் எழுதியிருப்பதைக் காட்டி உரிமை கோருபவர்கள், அது பதியப்பட்டதா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

நியமனம் இல்லாதபோது சட்டத்தின் 3ஆம் அட்டவணை பேசும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், சகோதரர் என்று போகும் அந்த வரிசையில் ஒரே படியில் பலர் இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. நீண்டகாலமாக ஆண்மக்களுக்குப் பின்னரே பெண்மக்கள் என்றிருந்த வரிசையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் மாற்றி, ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. ஆகவே மூத்தவர் மகளாக இருந்தால் அவரைத் தாண்டித் தம்பியிடம் போகவேண்டிய அவசியம் இல்லை. திருத்தத்துக்கு முன்னர் நிகழ்ந்த மரணமானால் எந்த விதியின்படி பார்க்கப்படும் என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கிடைக்கும் பதில் அதைச் சொன்ன உத்தியோகத்தரின் இடமாற்றத்தோடு போய்விடும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக ஒரு காலக்கெடு இருக்கிறது: உரித்துடைய துணைவரோ நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளரோ மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் காணியின் ஆட்சிக்கு வராவிட்டால், அவர் தம் உரித்தை இழந்ததாகக் கருதப்படலாம். கொழும்பிலோ கனடாவிலோ இருந்துகொண்டு, காணி எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைப்பவருக்கு இந்த ஏற்பாடு பாதகமாக முடியும். எனவே மரணச் சான்றிதழ் கிடைத்ததும் பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, பின்னுரித்துக் கோரிக் கடிதம் ஒன்றைக் கையளித்து, அதன் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆவணங்கள் பிறகு வரட்டும்.

கடிதத்தோடு போகவேண்டியவை: மூல அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு, மரணச் சான்றிதழ், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், விண்ணப்பிப்பவரின் பிறப்புச் சான்றிதழ், இறந்தவரின் பிள்ளைகள் அனைவரையும் வயது வரிசையில் காட்டும் குடும்ப விபரம், கிராம அலுவலரின் அறிக்கை. குடும்ப விபரத்தில் எவரையும் மறைக்க வேண்டாம். தந்தையின் முதல் தாரத்துப் பிள்ளையோ போரில் இறந்த சகோதரரின் பிள்ளையோ விடுபட்டிருந்தால், அவர்களில் ஒருவர் பின்னர் கொடுக்கும் ஒரேயொரு முறைப்பாடு முழு விடயத்தையும் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும். காணியில் உண்மையாகப் பாடுபடுபவர் இளைய பிள்ளையாக இருந்து, மூத்தவர்கள் அவருக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால், தாம் பின்னுரித்தை ஏற்க மறுப்பதாக ஒவ்வொருவரும் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அதன் பிறகு காணி உத்தியோகத்தர் நேரில் வந்து, யார் ஆட்சியில் இருக்கிறார், எல்லை எது, பயிர் எது என்று பார்ப்பார். அந்த நாளில் வீட்டில் ஒருவர் இருந்து, எல்லைக் கல்லைக் காட்டக்கூடிய அயலவர் ஒருவரையும் அழைத்து வைத்திருங்கள்.

பெர்மிற் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு, காணிக் கிளையின் பதிவேட்டில் இறந்தவரின் பெயரைத் தேடித் தருமாறு கேளுங்கள். பதிவேடே போரில் அழிந்த இடங்களில், வடக்குக் கிழக்கின் போருக்குப் பிந்திய அரச காணிப் பிரச்சினைகளுக்காகக் காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட 2013/01 சுற்றறிக்கையின் கீழ் நடந்த பதிவுகளில் உங்கள் குடும்பத்தின் விண்ணப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்நாட்களில் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் துண்டு எங்காவது மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் இலக்கம் இப்போது பெறுமதியானது. காணி படையினர் வசமோ வனப்பகுதி என்ற எல்லைக்குள்ளோ அகப்பட்டிருந்தாலும் பின்னுரித்து விண்ணப்பத்தைப் பிற்போட வேண்டாம். விடுவிப்புப் பட்டியலில் இறந்தவரின் பெயர் மட்டும் இருந்தால், விடுவிக்கும் நாளில் கேள்வி எழும்.

வயல் காணியானால் இன்னொரு வாசலும் உண்டு. கமநல சேவை நிலையத்தில் உள்ள கமத்தொழில் காணி இடாப்பில் பயிர்ச்செய்கையாளரின் பெயரை மாற்றாவிட்டால், உர மானியமும் பயிர்க் காப்புறுதியும் இறந்தவரின் பெயரிலேயே நின்றுவிடும். அந்த இடாப்பில் பெயர் இருப்பது காணிக்கு உரிமையாளராக்காது. ஆனால் காலபோகம் தொடங்குவதற்கு முன் முடிக்கவேண்டிய அலுவல் அதுவே.

உறுதிக் காணி

தனியார் காணியில் யாருக்கு எவ்வளவு என்பது இறந்தவருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதில் தங்கியிருக்கிறது. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரானால், பெற்றோர் வழி வந்த முதுசம், மகளுக்குத் திருமணத்தில் கொடுத்த சீதனம், விவாக காலத்தில் தேடிய தேட்டம் என்று சொத்தை வேறுபடுத்திப் பார்க்கவேண்டும். தாயின் சீதன உறுதியிலுள்ள காணியைத் தந்தையின் சொத்தோடு சேர்த்துப் பங்கிட முடியாது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை பொருந்தாது. பொதுச் சட்டத்தின்படி, மரணசாசனம் இல்லாதபோது துணைவருக்குப் பாதியும் பிள்ளைகளுக்குச் சமமாக மீதியும் போகும். முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற வழியுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். ஒரே ஊரில் அடுத்தடுத்த மூன்று வீடுகளுக்கு மூன்று விதிகள் இருக்கக்கூடும் என்பதால், அயலவரின் அனுபவத்தை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

சொத்தின் பெறுமதி சட்டம் குறிக்கும் தொகைக்கு மேற்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு ஒன்றைத் தொடுத்து, நிருவாக அதிகாரக் கடிதம் பெறவேண்டும். மரணசாசனம் எழுதப்பட்டிருந்தால் அதனை நீதிமன்றம் ஏற்று உறுதிப்படுத்தவேண்டும். சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தை நாடலாம். உறுதி தொலைந்திருந்தால் அஞ்சவேண்டாம்: நொத்தாரிசு தாம் எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரட்டைப் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டியவர் என்பதால், உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் அத்தாட்சிப் பிரதி கிடைக்கக்கூடும். சகோதரர்கள் இணங்கினால் நில அளவையாளரின் படத்தோடு பங்கீட்டு உறுதி ஒன்றை முடித்துவிடுவதே மேல். பாகப்பிரிவினை வழக்கு பிள்ளைகளின் காலத்தையும் தாண்டிப் பேரப்பிள்ளைகளின் கைக்குப் போகக்கூடியது. தேசவழமைக்கு உட்பட்ட காணியில் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்க நினைத்தால், இணைச் சொந்தக்காரருக்கு முதலில் அறிவித்தல் கொடுக்கவேண்டும்.

ஆளில்லாத காணியை அப்படியே விடுவது ஆபத்தானது. சொந்தக்காரருக்கு எதிரிடையாக 10 ஆண்டுகள் இடையறாது அதை ஆண்டுவந்தவர் ஆட்சியுரிமை கோரலாம். அரசின் பக்கமிருந்தும் கேள்வி வரலாம்: 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல், முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வட மாகாணத்தின் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் 3 மாதங்களுக்குள் முன்வரவேண்டும் என்றது. எதிர்ப்புக்குப் பின் அது மீளப்பெறப்பட்டாலும், இறந்துபோன பாட்டனின் பெயரில் மட்டும் உறுதி வைத்திருந்த குடும்பங்கள் அந்த மாதங்களில் பட்ட பதற்றம் சிறிதன்று.

பணமும் அடகும் கடனும்

ஓய்வூதியம் பெற்றவர் இறந்தால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியக் கிளைக்கு உடனே அறிவியுங்கள். மரணத்துக்குப் பின் கணக்கில் விழும் மாதப் பணத்தை வங்கி அட்டையால் எடுத்துச் செலவழித்தால் அது மீள அறவிடப்படும். தாய்க்கு உரிய விதவைகள் ஓய்வூதியம் அந்தக் கணக்கு நேராகும்வரை தாமதிக்கவும்கூடும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி அதிலிருந்து வேறானது என்பதை மறந்து அதைக் கோராமலே விடுபவர்கள் உண்டு. வங்கிக் கணக்கில் பெயர் குறிக்கப்பட்டவர் இருந்தால் அலுவல் இலகு. இல்லாவிட்டால் சிறிய தொகைக்கு உரித்தாளர்களின் சத்தியக்கடதாசியையும் பிணைப்பத்திரத்தையும் ஏற்பதா, நீதிமன்றக் கடிதம் கேட்பதா என்பது வங்கிக்கு வங்கி மாறுபடும்.

அடகு வைத்த நகையை எவரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. விதைப்புக் காலத்தில் தாயின் தாலிக்கொடியையோ மகளின் சங்கிலியையோ தந்தை தம் பெயரில் அடகு வைத்திருப்பார். சீட்டு அவருடைய சட்டைப்பையிலோ சுவாமிப் படத்தின் பின்னாலோ இருக்கும். அதைத் தேடியெடுத்து, மரணச் சான்றிதழோடு முகாமையாளரிடம் எழுத்தில் அறிவித்து, உரித்து விடயம் முடியும்வரை ஏலத்தில் விடவேண்டாம் என்று கேளுங்கள்; வட்டியைக் கட்டவும் அனுமதி கேளுங்கள்.

கடனைப் பொறுத்தவரை, இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தே தீர்க்கப்படவேண்டியது. பிணைக் கையொப்பமிடாத பிள்ளை தம் சொந்த உழைப்பிலிருந்து அதைக் கட்டக் கடமைப்பட்டவர் அல்லர். செத்தவீடு முடியுமுன்னே நுண்கடன் வசூலிப்பவர் கொண்டுவரும் புதிய ஒப்பந்தத்தில் எவரும் கையொப்பமிட வேண்டாம். அந்தக் கடனுக்குக் காப்புறுதி இருந்ததா என்று முதலில் கேளுங்கள். உழவு இயந்திர லீசிங்குக்கும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள்

தந்தை உயிருடன் இருந்தபோது ஒருவருக்கு எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம், அதாவது தம் சார்பில் செயற்பட அளித்த அதிகாரப் பத்திரம், அவருடைய மரணத்தோடு செயலிழந்துவிடும். அதைக் கொண்டு மரணத்துக்குப் பின் காணி விற்பது செல்லாது. விற்பவர் சொந்த மாமனாக இருந்தாலும் அதுவே சட்டம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தம் பங்குக்காகத் தாமே புதிதாக அற்றோணித் தத்துவம் எழுதி, அந்த நாட்டின் இலங்கைத் தூதரகம் ஊடாக உறுதிப்படுத்தி, இங்கே பதியச் செய்யவேண்டும். அதில் எந்தக் காணி, எந்த அலுவல் என்பதைக் குறித்து எழுதுங்கள். எல்லாம் செய்யலாம் என்ற பொது அதிகாரம் குடும்பங்களைப் பிரிக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்தினாலும், பெற்றோரிடமிருந்து வழியுரிமையாக வரும் தனியார் காணிக்கு அதில் விலக்கு உண்டு.

கோவை நகராதபோது

ஒவ்வொரு தடவையும் கோவை இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; உத்தியோகத்தரின் பெயரைவிட அந்த இலக்கமே நீண்ட காலம் வாழும். கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்துக்குத் தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்பது சலுகை கோருவது ஆகாது. வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பதும், தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறலாம் என்பதும் அரசியலமைப்பின் ஏற்பாடு. காரணம் சொல்லாமல் கோவை கிடக்கும்போது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கோவையில் கடைசியாக எழுதப்பட்ட குறிப்பின் பிரதியைத் தருமாறு பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும் அதன் பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கோபத்தோடு மேசையைத் தட்டுவதைக் காட்டிலும் இந்த ஒற்றைக் கடிதம் பலன் தரும். சகோதரர்களுக்கு இடையிலான பிணக்கானால் மத்தியஸ்த சபைக்குப் போவது நீதிமன்றத்துக்கு முந்திய, செலவு குறைந்த வழி.

பெயர் மாற்றம் முடிந்து, அது காணிப் பதிவகத்திலும் பதியப்பட்டதும், புதிதாகப் பெயர் பெற்றவர் அளிப்பையோ பெர்மிற்றையோ எடுத்துக்கொண்டு காணிக் கிளைக்கு மீண்டும் ஒருமுறை சென்று, தமக்குப் பின் யார் என்பதைக் குறிக்கும் பின்னுரித்தாளர் நியமனப் படிவத்தை நிரப்பி, அதையும் பதிந்து, பதிவிலக்கம் இடப்பட்ட பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளவேண்டும்.